வேலியோரத்துக் காவலர்கள்

காலபோக நெல் கதிராகும் நாட்களில் எந்தக் கமக்காரப் பெண்ணிடம் பேசினாலும் முதல் முறைப்பாடு எலியைப் பற்றித்தான். கிளிநொச்சிப் பகுதியில், குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்களோடு வேலை செய்யும் எனக்கு இது நன்கு தெரியும். கடன்பட்டு விதைத்த ஒரு ஏக்கரை எலி வெட்டினால், நட்டம் வயலோடு நிற்காது. அடைவு வைத்த நகையும் பிள்ளையின் படிப்பும் அதில் அகப்பட்டுக்கொள்ளும்.

நான் படித்தது சமூகவியல். ஆனால் ஒருவர் வாழும் சூழலே அவர் வாழ்வைத் தீர்மானிக்கிறது என்பது வயலுக்கும் பொருந்துகிறது. நெல், மேட்டுப்பயிர், உயிர்வேலி, பற்றை, பனங்கூடல், குளக்கரை என நிலம் பலவிதமாக இருந்தால், மூஞ்சூறு, சுண்டெலி, வெள்ளெலி, அணில், முயல், கீரி, வௌவால் எனப் பல சிறு பாலூட்டிகள் அங்கே வாழும். ஒவ்வொன்றுக்கும் இரையும் வேறு, ஒதுங்கிடமும் வேறு. எல்லாம் ஒரே வெளியானால் பல இனங்கள் போய்விடும். வரம்பில் வளை தோண்டி நெல்லை நம்பி வாழும் வயல் எலிக்கே அது வாய்ப்பாகும்.

போர் எங்கள் நிலத்தின் இந்த வகைவகையான தோற்றத்தைக் குலைத்தது. காவலரண்களுக்காகப் பனைகள் தறிக்கப்பட்டன, வேலிகள் அழிந்தன. 2009க்குப் பின் மீள்குடியேறியபோது, மிஞ்சிய பற்றைகளையும் இயந்திரத்தால் வழித்தவர்கள் உண்டு. எங்கள் முன்னோரோ குளக்கட்டின் கீழே மரங்களை விட்டுவைத்தார்கள். அத்தகைய உலர்வலயக் குளக்கிராம முறையை 2017இல் உலக உணவு விவசாய நிறுவனம் உலக விவசாய மரபுரிமையாக ஏற்றது.

சகோதரிகளே, எலிபோலத் தெரிவதெல்லாம் எதிரியல்ல. மூஞ்சூறு பூச்சி புழுக்களைத் தின்னும். சிறு வௌவால்கள் இரவில் பூச்சி பிடிக்கும். கீரியும் ஆந்தையும் சாரைப்பாம்பும் எலியை வேட்டையாடும். நஞ்சு தின்ற எலியைத் தின்றால் இவையும் சாகும். எலி மூன்று கிழமையில் குட்டி போடும். இவை அவ்வளவு வேகமாகப் பெருகமாட்டா. எலிக்கென்று மின்கம்பி இழுப்பதோ மனித உயிரையே எடுக்கும்.

செய்யக்கூடியவை சில:

வரம்பை ஓரடிக்கு மேல் உயராமலும் அகலாமலும் கட்டிப் புல்லை வெட்டுங்கள். அதில் எலி வளை தோண்டுவது கடினம்.

காணி எல்லையில் கிளுவை, பூவரசு நட்டு, மரங்களை விட்டுவையுங்கள்.

கமக்கார அமைப்பில் பேசி, அயல் வயல்களெல்லாம் இரண்டு கிழமைக்குள் விதைத்து முடியுங்கள். கதிர்க்காலம் நீண்டால் எலியின் இனப்பெருக்கமும் நீளும்.

எலிக்காய்ச்சலையும் மறக்கவேண்டாம். 2008இல் இலங்கையில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் அதனால் பாதிக்கப்பட்டனர். எலியின் சிறுநீர் கலந்த சேற்றுநீர் காயத்தின் வழியாகக் கிருமியை உடலுக்குள் கொண்டுசெல்லும். வயலில் இறங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். காய்ச்சல் வந்தால் வயலில் இறங்கியதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கமக்கார அமைப்பின் கூட்டத்தில் பின்வரிசையில் இருந்து கேட்டுவிட்டு வராதீர்கள். விதைப்புத் திகதியைத் தீர்மானிக்கும்போது உங்கள் குரலும் அங்கே ஒலிக்கட்டும்.