ஐஸுக்கு எந்த உப்பு? தெரியுமா?

உப்பு தூவினால் பனிக்கட்டி உருகும். ஆனால் அந்த இடம் முன்பைவிடக் குளிர்ந்துபோகும். தெரியுமா? உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தை ஐஸ் தன் கலவையிடமிருந்தே பிடுங்கிக்கொள்கிறது. ஐஸ் தூளில் கல்லுப்பைச் சரியான அளவில் கலந்தால் மைனஸ் 21 டிகிரி வரை இறங்கும்! நம் ஊர் குல்ஃபி வண்டிக்காரர் பானைக்குள் ஐஸோடு உப்பைக் கொட்டுவது இதற்காகத்தான். அவருக்குக் குளிர் வேண்டும். கனடா, அமெரிக்கச் சாலைகளில் உப்பு தூவும் லாரிக்காரருக்கோ வழுக்காத தார்ச்சாலை வேண்டும்.

அந்த லாரியில் இருப்பது பெரும்பாலும் நாம் ரசத்தில் போடும் அதே சோடியம் குளோரைடு. சமையலுக்குச் சுத்தம் செய்யாதது, அவ்வளவுதான். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 1938-ல் இதைச் சோதனையாகத் தொடங்கியது. இன்று அந்த நாடு ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கும் மேல் சாலையில் கொட்டுகிறது.

இவ்வளவு உப்பு எங்கிருந்து? டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில் சுமார் 1,200 அடி ஆழத்தில் ஓர் உப்புச் சுரங்கம். அதற்குள் 100 மைலுக்கும் மேல் பாதைகள்! கனடாவின் காட்ரிச் ஊரில் இன்னும் வேடிக்கை. மேலே ஹூரான் ஏரியின் நன்னீர்; சுமார் 1,800 அடி கீழே உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம். 40 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே வற்றிய கடல் விட்டுப்போன சொத்து அது.

ஆனால் இந்த உப்பு கடுங்குளிரில் கைவிரிக்கும். மைனஸ் 21 என்பது ஏட்டுக் கணக்கு. சாலையில் மைனஸ் 9, 10 தாண்டினாலே வேலை மந்தமாகிவிடும். அப்போது வருகிறது மக்னீசியம் குளோரைடு, அதற்கும் மேலே கால்சியம் குளோரைடு. சோடியம் குளோரைடு கரைந்தால் இரண்டு அயனிகளாகப் பிரியும். இவை மூன்றாகப் பிரியும். துகள்கள் கூடக்கூட உறைநிலை கீழே போகும். கால்சியம் குளோரைடு கரையும்போது சூட்டையும் கக்கும், காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். மைனஸ் 25-லும் அசராது. விலைதான் பல மடங்கு! கனடாவின் வின்னிபெக் போன்ற ஊர்களில் குளிர் உச்சத்துக்குப் போனால் உருக்கும் ஆசையையே விட்டுவிட்டு, டயர் பிடிப்பதற்கு மணலைத் தூவுகிறார்கள். எனக்கென்னவோ அதுதான் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

விமான ஓடுபாதையில் இந்தக் குளோரைடுகளுக்கு அனுமதியே இல்லை. விமானத்தின் உலோகத்தை அரித்துவிடும். அங்கே பொட்டாசியம் அசிட்டேட் தெளிப்பார்கள். ஒரு காலத்தில் யூரியா! ஆம், நம் வயலுக்குப் போடும் அதே யூரியா.

பாலாடைக்கட்டிக்குப் பேர்போன விஸ்கான்சின் மாநிலத்தில், சீஸ் ஊறிய உப்புநீரையே சாலைக்குத் திருப்பிவிட்டார்கள். மில்வாக்கி நகரமும் முயன்று பார்த்தது. கனடாவின் கால்கரியில் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கின் சாறு. அதன் பிசுபிசுப்பு உப்பைச் சாலையோடு ஒட்டவைக்கும். லாரியிலிருந்து விழும் உப்பு துள்ளி ஓரத்துக்கு ஓடி வீணாகாது.

உருகிய பனி வடிந்துவிடும், உப்பு? அது மறைந்துபோகாது; அந்த நீரோடு ஆறு, ஏரிகளில் போய்ச் சேரும். ஒரு தேக்கரண்டி உப்பு போதும், சுமார் 19 லிட்டர் நன்னீர் அதில் வாழும் உயிர்களுக்கு ஆகாததாகிவிடும். நியூயார்க் மாநிலத்தின் ராச்சஸ்டர் அருகே ஐரன்டிக்வாய்ட் விரிகுடாவில், உப்பேறிக் கனத்த நீர் அடியில் தங்கிவிட்டதால் வசந்தத்தில் மேல்நீரும் கீழ்நீரும் கலப்பதே தடைபட்டதை 1970-களின் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தார்கள்.

இதையெல்லாம் கண்டு மகிழும் ஒரே ஜீவன் மூஸ் மான். கார்களில் படிந்த உப்பை நக்குவதில் அதற்கு அப்படியொரு ருசி! கனடாவின் ஜாஸ்பர் தேசியப் பூங்காவில் அறிவிப்புப் பலகையே வைத்தார்கள்: மூஸ் உங்கள் காரை நக்க விடாதீர்கள். காருக்குப் பழகிய மூஸ் சாலையை விட்டு விலகாது. அடிபட்டால் அதற்கும் ஆபத்து, காருக்குள் இருப்பவருக்கும் ஆபத்து.