குற்றாலத்துக் காலைப் பசியும் பெட்டிச் சீரியலும்: இதெல்லாம் தெரியுமா?

குற்றாலத்து அருவியில் அரை மணி நேரம் தலையைக் கொடுத்து நின்றவருக்கு எப்படிப் பசிக்கும் தெரியுமா? கல்லைத் தின்றாலும் கரையும்! ஜூன் பிறந்ததும் ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று எட்டிப் பார்க்கிறது. சாரல் தூறுகிறது, பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எல்லாம் பொங்குகின்றன. நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு கிண்ணம் கார்ன் ஃபிளேக்ஸும் பாலும் வைத்துப் பாருங்கள். பத்து மணிக்கெல்லாம் "அம்மா, பசிக்கு" என்று வந்து நிற்பார்கள். அருவி இல்லாத ஊரிலும் இதே கதைதான், பள்ளிக்கூடத்தில் இரண்டாம் பீரியடிலேயே வயிறு கூப்பிடும்.

அந்தக் கார்ன் ஃபிளேக்ஸ் பெட்டி எங்கே பிறந்தது தெரியுமா? ஒரு மருத்துவ விடுதியில்! அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் கிரீக் என்ற ஊர். அங்கே ஜான் ஹார்வி கெல்லாக் என்ற டாக்டர் நடத்திய விடுதியில், 1894-இல், வேகவைத்த கோதுமை மாவு கவனிப்பாரின்றிக் கிடந்து காய்ந்துபோனது. வீணாக்க மனமில்லாமல் உருளையில் விட்டுத் தேய்த்தார்கள், மாவு இதழ் இதழாக உதிர்ந்தது! நோயாளிகளுக்கு எளிதில் செரிக்கட்டும் என்று கொடுத்த பத்தியச் சாப்பாடு அது. தம்பி வில் கெல்லாக் 1906-இல் தனியே கம்பெனி தொடங்கி, மக்காச்சோள இதழில் சர்க்கரையும் சேர்த்து உலகத்துக்கே விற்றார். அண்ணனுக்கு அந்தச் சர்க்கரை பிடிக்கவேயில்லை. 1994-இல் அந்தப் பெட்டி இந்தியாவுக்கு வந்தபோது நம் வீடுகளில் என்ன செய்தார்கள்? வழக்கம்போலச் சூடான பாலை ஊற்றினார்கள். மொறுமொறுப்பு போய்க் கூழானது! வணிகக் கல்லூரிகளில் இன்றும் இதை ஒரு பாடமாகச் சொல்லித் தருகிறார்கள்.

ஆனால் தானியத்தை இதழாகத் தட்டும் வித்தையை நாம் எப்போதிலிருந்து செய்கிறோம் தெரியுமா? குறுந்தொகையிலேயே இருக்கிறது! தொண்டியூர்ப் பெண்கள் பச்சை அவல் இடித்து முடித்து, உலக்கையை வயல் வரப்பில் கிடத்திவிட்டு விளையாடப் போகிறார்கள். எத்தனை நூற்றாண்டுக்கு முந்தைய காட்சி! நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்துத் தட்டையாக்கினால் அவல். வறுக்கும்போதே பாதி வெந்துவிடுவதால் அடுப்பே வேண்டாம். சிவப்பு அவலைக் களைந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, துருவிய தேங்காய், பொடித்த கருப்பட்டி, ஒரு வாழைப்பழம் போட்டுப் பிசைந்தால் வேலை முடிந்தது. பாலைச் சுடவைக்கும் நேரம்கூட மிச்சம். கூட ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை போடுங்கள், பசி இன்னும் தாங்கும்.

இனி உளுந்துக்கு வருவோம். இதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை நிற்காது!

உளுந்து இந்திய மண்ணிலேயே பிறந்த பயறு. சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் நன்றாக விளையும். நூறு கிராம் உளுந்தில் சுமார் 24 கிராம் புரதம், அதே எடை கார்ன் ஃபிளேக்ஸில் ஏழெட்டு கிராம்தான்! தென்காசி, திருநெல்வேலி வீடுகளில் தோல் நீக்காத கருப்பு உளுந்தைத் தொலி உளுந்து என்பார்கள். நார்ச்சத்து அதிகம் இருப்பது அந்தத் தொலியில்தான். வெள்ளை வெளேரென்று தோல் போக்கிய உளுந்தை வாங்கினால் பாதிப் பலனைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறோம் என்பது என் திடமான கருத்து.

நாலு பேருக்கு உளுந்தங்கஞ்சி வைப்பது எவ்வளவு சுலபம் தெரியுமா? அரைக் கப் தொலி உளுந்தை வாசம் வர வறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கைப்பிடி பச்சரிசி, ஒரு தேக்கரண்டி வெந்தயம், பத்துப் பல் பூண்டு, ஐந்து கப் தண்ணீர். குக்கரில் ஐந்தாறு விசில். திறந்து நன்றாக மசித்து, கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி ஊற்றி, கொஞ்சம் சுக்குப்பொடியும் ஒரு கப் தேங்காய்ப்பாலும் சேர்த்தால் மணம் அடுத்த வீடு வரை போகும்! இனிப்புக் கஞ்சியில் பூண்டா என்று வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். ஒரு வாய் குடித்துப் பார்த்தால் சுளிப்பு போய்விடும், வெந்த பூண்டு வெண்ணெயாகக் கரைந்திருக்கும். காலையில் நேரமில்லாதவர்கள் இரவே உளுந்தையும் அரிசியையும் வேகவைத்து வைத்துக்கொண்டால், விடிந்ததும் கருப்பட்டிப் பாகும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் சுடவைப்பது மட்டும்தான் பாக்கி.

இதன் அக்காதான் உளுந்தங்களி. நாலு பங்கு உளுந்துக்கு ஒரு பங்கு பச்சரிசி என்று வறுத்து மாவாக்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைத்துவிட்டால் போதும். கருப்பட்டிப் பாகில் மாவைத் தூவிக் கட்டி தட்டாமல் கிளறி, நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றி, எண்ணெய் பிரிந்து வரும்போது இறக்க வேண்டும். பெரியவளான பெண்பிள்ளைக்கும் பிள்ளை பெற்ற தாய்க்கும் இதைத்தான் இந்தப் பக்கத்தில் தேடித் தேடிக் கொடுப்பார்கள். அவர்களுக்கு நல்லது என்றால் ஓடியாடும் பையனுக்கும் நல்லதுதானே! கருப்பட்டி என்றதும் இன்னொன்று: உடன்குடிப் பனங்கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றது, அதைத் தரும் பனைதான் தமிழ்நாட்டின் மாநில மரம்.

இட்லி மாவு எப்படிப் பொங்குகிறது தெரியுமா? ஈஸ்ட் போடுவதில்லை, சோடா போடுவதில்லை. உளுந்தோடும் அரிசியோடும் ஒட்டி வரும் நுண்ணுயிரிகளே அந்த வேலையைச் செய்கின்றன! லியூகோனாஸ்டாக் என்ற பாக்டீரியா இரவு முழுக்க வேலை பார்த்துப் புளிப்பும் கரியமில வாயுவும் உண்டாக்குகிறது. உளுந்தின் வழுவழுப்பு அந்தக் குமிழிகளைத் தப்பவிடாமல் பிடித்து வைக்கிறது. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, உளுந்தில் மெதியோனின் குறைவு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது தீர்த்துவிடுகிறது! எந்த ஆய்வகமும் சொல்லித்தராத காலத்தில் நம் அம்மிக்கும் ஆட்டுரலுக்கும் கிடைத்த விடை இது. இன்னொரு ஆச்சரியம், பல கடைகளில் இட்லிக்கென்றே கேட்டு வாங்கும் குண்டரிசி 'அம்பை 16' குற்றாலத்துக்குத் தெற்கே இருக்கும் அம்பாசமுத்திரத்து நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ரகம்! சாரல் காலத்தில் குளிர்ச்சியால் மாவு பொங்கத் தாமதமாகும், அப்போது அடுப்படிக்குப் பக்கத்தில் வைத்தால் காலைக்குள் சரியாகிவிடும்.

அடுத்தது புட்டு. குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் செங்கோட்டை ஒரு காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது தெரியுமா? 1956 நவம்பர் 1-இல்தான் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. எல்லைக்கோடு நகர்ந்தாலும் ருசி நகரவில்லை, மலைக்கு இரண்டு பக்கமும் புட்டுதான்! ஈசனே புட்டுக்குக் கூலி வேலை பார்த்த கதை மதுரையில் இருக்கிறது. வந்திக் கிழவியின் உதிர்ந்த புட்டுக்காக வைகைக் கரையில் மண் சுமந்து பிரம்படி பட்டார், மதுரைக் கோயிலில் ஆவணியில் அந்தத் திருவிளையாடல் இன்றும் விழாவாக நடக்கிறது.

புட்டுக்குழல் வீட்டில் இல்லையென்றால் என்ன? கண் துளைத்த சிரட்டை ஒன்று போதும்! வறுத்த அரிசி மாவையோ கேப்பை மாவையோ உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசிறுங்கள். பிடித்தால் நிற்க வேண்டும், தொட்டால் உதிர வேண்டும், அதுதான் பதம். மாவும் தேங்காய்த் துருவலும் மாற்றி மாற்றி நிரப்பி, குக்கரின் குண்டு போடும் இடத்தில் சிரட்டையைக் கவிழாமல் உட்காரவைத்தால் ஐந்தாறு நிமிடத்தில் ஆவி மேலே வரும். கூட வேகவைத்த சிறுபயறும் ஒரு பப்படமும். முந்தின இரவே பயறை ஊறவைக்க மறந்துவிடாதீர்கள், பசி தாங்குவது அந்தப் பயறால்தான்.

புட்டைப் போல இன்னொரு காலைச் சாப்பாடு மரச்சீனிக்கிழங்கு, அது தென் அமெரிக்காவில் பிறந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைக் குடிமக்களிடையே பரப்பினார். 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது அந்தக் கிழங்குதான் வயிறுகளைக் காத்தது! தோலுரித்து வேகவைத்து, வெந்த தண்ணீரைக் கட்டாயம் கொட்டிவிட வேண்டும். இதில் புரதம் மிகக் குறைவு, அதனால் மீன்குழம்போ பயறோ கட்டாயம் பக்கத்தில் இருக்கட்டும்.

கேப்பை எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் பாட்டன் பூட்டன் பயிர் என்று நினைக்கிறோம், அது கிழக்கு ஆப்பிரிக்க மலைகளில் பிறந்தது! கம்பு மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்தது! இரண்டும் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே வந்து நம் வீட்டுப் பிள்ளைகளாகிவிட்டன. நூறு கிராம் கேப்பையில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம், அதே எடை பாலில் சுமார் 120 மில்லிகிராம். இந்தியா முன்மொழிந்து, 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகவே கொண்டாடியது. இரவு கரைத்துப் புளிக்கவைத்த கேப்பை மாவைக் காலையில் நொய்யோடு காய்ச்சி, மோர் ஊற்றி, சின்ன வெங்காயமும் சீனி அவரைக்காய் வத்தலும் தொட்டுக்கொண்டால் மத்தியானம் வரை வேறு நினைப்பே வராது.

வெயில் காலத்துக்குப் பழையது! மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் இரவோடு இரவாக லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை, குடல் அழற்சி நோயாளிகளுக்கு இந்தச் சோறு எப்படி உதவும் என்று ஆய்விலேயே இறங்கியது. ஒடிசாவில் இதற்குப் பெயர் பகாளா, மார்ச் 20-ஐ அதற்கென்றே ஒரு நாளாகக் கொண்டாடுகிறார்கள்! நம் பக்கத்தில் முந்தின நாள் குழம்பும் அவியலும் சேர்ந்து சுண்டிய சுண்டக்கறி போதும், இல்லாவிட்டால் காணம் என்னும் கொள்ளுத் துவையல்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று காட்டும் கிளைசெமிக் குறியீட்டில் கார்ன் ஃபிளேக்ஸுக்கு 81 என்று பன்னாட்டு அட்டவணை சொல்கிறது, குளூக்கோஸுக்கு 100. வேகமாக ஏறுவது வேகமாக இறங்கும், அதுதான் பத்து மணிப் பசி. ஆனால் வெறும் வெள்ளை இடியாப்பத்தில் சீனியைத் தூவிக் கொடுத்தாலும் இதேதான் நடக்கும்! நம் ஊர்ப் பலகாரம் என்பதாலேயே எல்லாம் நல்லதாகிவிடாது. பயறு, பருப்பு, தேங்காய், காய்கறி என்று ஏதாவது ஒன்று கூட இருந்தால்தான் அது முழுச் சாப்பாடு. தமிழக அரசு 2022 செப்டம்பர் 15-இல் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் என்ன கொடுக்கிறார்கள் தெரியுமா? உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறி சாம்பார். லட்சக்கணக்கான பிள்ளைகள் சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போகிறார்கள்!

இந்தச் சீசனுக்குக் குற்றாலம் வந்தால் அல்வாவும் ஏத்தங்காய்ச் சிப்ஸும் வாங்காமல் யாரும் ஊர் திரும்புவதில்லை. கூடவே தென்காசிக் கடைத்தெருவில் ஒரு கிலோ தொலி உளுந்து, ஒரு கிலோ சிவப்பு அவல், அரைக் கிலோ நல்ல கருப்பட்டி வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாள் அவல், இரண்டு நாள் உளுந்தங்கஞ்சி என்று ஒரு மாதம் கொடுத்துப் பாருங்கள், பெட்டி மறுபடி வேண்டுமா வேண்டாமா என்று பிள்ளைகளையே கேளுங்கள்!