இல்லத்தரசியின் அன்றாட உழைப்பு (திருவண்ணாமலை)

இல்லத்தரசி என்பவர் ஊதியம் பெறாமல் தம் குடும்பத்துக்கான சமையல், துப்புரவு, பராமரிப்பு ஆகிய வேலைகளை முதன்மைப் பொறுப்பாக ஏற்றுச் செய்யும் பெண். திருவண்ணாமலை போன்ற கோயில் நகரத்தில் இந்த வேலை கடிகாரத்தை மட்டுமல்லாமல் பஞ்சாங்கத்தையும் ஒட்டி நடக்கிறது. பௌர்ணமி, கார்த்திகை தீபம், மார்கழி, தை என்று ஊரின் விழாக்கள் வரும்போதெல்லாம் வீட்டு வேலையின் அளவும் கூடுகிறது. இந்த உழைப்பு நெடுங்காலம் அரசின் புள்ளிவிவரங்களில் வேலையாகக் கொள்ளப்படவில்லை. அண்மைக்கால நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புகளும் நீதிமன்றத் தீர்ப்புகளும் இதன் மதிப்பை அளக்கத் தொடங்கியுள்ளன.

பெயர்

மனைவி, இல்லாள், இல்லத்தரசி ஆகிய மூன்று சொற்களும் வீட்டை அடியாகக் கொண்டவை. இல்லாள் என்பது வீட்டுக்கு உரியவள் என்று பொருள்படும். அதன் ஆண்பால் போலத் தோன்றும் 'இல்லான்' என்ற சொல்லுக்குப் பொருள் இல்லாதவன், அதாவது ஏழை என்பதே. வீட்டின் பொறுப்பு பெண்ணுடையது என்ற எண்ணம் மொழியிலேயே படிந்திருப்பதை இது காட்டுகிறது. பேச்சு வழக்கில், "உன் மனைவி என்ன செய்கிறார்?" என்று கேட்டால் "வீட்டில் சும்மாதான் இருக்கிறார்" என்ற பதில் இன்றும் கேட்கக்கூடியதே.

ஊர்ப் பின்னணி

திருவண்ணாமலை பஞ்சபூதத் தலங்களில் நெருப்புக்கு உரிய தலம். அருணாசலேசுவரர் கோயிலின் கிழக்கு இராசகோபுரம் 217 அடி உயரமும் 11 நிலைகளும் கொண்டது. ஊரை ஒட்டி நிற்கும் மலை 2,668 அடி உயரமுடையது. மலையைச் சுற்றிய கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர். வடஆர்க்காடு மாவட்டம் 1989 செப்டம்பரில் பிரிக்கப்பட்டபோது இவ்வூர் புதிய மாவட்டத்தின் தலைநகரானது. மாவட்டத்தின் ஊர்ப்புறங்களில் நெல், மணிலா (நிலக்கடலை), கரும்பு ஆகியவை முதன்மைப் பயிர்கள். அங்கிருந்து மணமாகி நகரத்துக்கு வரும் பெண்ணுக்கு வயல் வேலை நின்றுவிடலாம். வீட்டு வேலை நிற்பதில்லை.

ஒரு நாளின் ஒழுங்கு

பொதுவாக நாள் வாசலில் தொடங்குகிறது. வாசல் தெளித்து, கோலமிட்டு, பால் காய்ச்சி, காலைச் சிற்றுண்டியையும் மதிய உணவுக்கான டப்பாக்களையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியபின் பாத்திரம், துணி, வீடு பெருக்குதல் ஆகியவை வருகின்றன. குழாயில் தண்ணீர் வரும் நேரம், காஸ் சிலிண்டர் வரும் நாள், ரேஷன் கடையில் பொருள் போடும் நாள் ஆகியவற்றுக்கு ஏற்ப மற்ற வேலைகளை மாற்றிக்கொள்ள வேண்டும். மாலையில் விளக்கேற்றுதல், பிள்ளைகளின் வீட்டுப்பாடம், இரவுச் சமையல் என நாள் நீளும்.

கையால் செய்யும் வேலையோடு முன்கூட்டித் திட்டமிடும் வேலையும் இதில் அடங்கும். இட்லி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நாளைக் காலை இட்லி வேண்டுமானால் இன்று நண்பகலிலேயே அரிசியையும் உளுந்தையும் ஊறவைக்க வேண்டும். சுமார் நான்கு மணி நேரம் ஊறியபின் அரைத்து, உப்புச் சேர்த்துக் கரைத்து, இரவு முழுவதும் புளிக்க விட வேண்டும். மார்கழிக் குளிரில் மாவு மெதுவாகப் புளிக்கும் என்பதால் முன்னதாகவே அரைத்தாக வேண்டும். தட்டில் இட்லி வைக்கப்படும் பத்து நிமிடம் மட்டுமே மற்றவர் கண்ணில் படுகிறது. அதற்கு முந்தைய பதினெட்டு மணி நேரக் கவனம் யாருக்கும் தெரிவதில்லை.

மணமான முதல் ஆண்டு

இளம் மணப்பெண்ணின் முதல் ஆண்டில் அன்றாட வேலையோடு உறவுமுறைக் கடமைகளும் சேர்கின்றன. தலைத் தீபாவளி, தலைப் பொங்கல், ஆடி மாதத்தில் தாய் வீட்டுக்கு அழைத்தல், ஆடிப் பெருக்கில் தாலிக் கயிறு மாற்றுதல் ஆகியவை பல சமூகங்களில் உள்ள வழக்கங்கள். கருவுற்றபின் வளைகாப்பும், தலைப் பிரசவத்துக்குத் தாய் வீடு செல்வதும் பரவலாக உண்டு.

புகுந்த வீட்டின் சுவை, சமைக்கும் முறை, பெரியவர்களின் மருந்து வேளை, பூசை ஒழுங்கு ஆகிய அனைத்தையும் அவர் புதிதாகக் கற்க வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் மாமியாருடனும் ஓரகத்தியுடனும் வேலையைப் பகிர்ந்துகொள்ள முடியும். ஆனால் எதை எப்போது சமைப்பது என்ற முடிவு அவர் கையில் இருக்காது. தனிக்குடித்தனத்தில் முடிவு அவருடையது. ஆனால் காய்ச்சலில் படுத்தால் அடுப்பைப் பார்க்க வேறு ஆள் இருப்பதில்லை.

பௌர்ணமியும் கார்த்திகை தீபமும்

ஒவ்வொரு பௌர்ணமியிலும் லட்சக்கணக்கானோர் கிரிவலம் வருகின்றனர். வெளியூர் உறவினர்களுக்கு உள்ளூர் உறவினர் வீடே இளைப்பாறும் இடம். நள்ளிரவில் நடந்து முடித்து வருபவருக்குப் படுக்க இடமும், விடிந்ததும் காபியும் சிற்றுண்டியும் தேவைப்படும். போக்குவரத்து மாற்றங்களால் கடைக்குச் செல்வதும் கடினம் என்பதால், காய்கறியும் பாலும் முந்தைய நாளே வாங்கி வைக்கப்படுகின்றன.

கார்த்திகை தீபம் ஆண்டின் உச்சம். பெருவிழாவின் பத்தாம் நாள் அதிகாலையில் கோயிலில் பரணி தீபமும் மாலை 6 மணிக்கு மலையுச்சியில் மகா தீபமும் ஏற்றப்படுகின்றன. மலையில் தீபம் தெரிந்தபின்பே ஊரார் தத்தம் வீடுகளில் அகல் விளக்குகளை ஏற்றுவது வழக்கம். அதற்கு முன் வீடு கழுவி, அகல்களைக் கழுவிக் காயவைத்து, திரி போட்டு, பொரி உருண்டையும் அடையும் செய்து முடிக்க வேண்டும். இவற்றைச் செய்யும் பெண்களில் பலர் அன்று தீபம் காணும்வரை நோன்பும் இருக்கின்றனர்.

மகா தீபம் ஏற்றப்படும் வேளையில் அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்கள் மட்டும் வெளியே எழுந்தருளுகிறார். உமையம்மை தவமிருந்து இறைவனின் உடலில் இடப்பாகம் பெற்றது இத்தலத்தில் என்பது தலபுராணச் செய்தி.

திருவூடல்

கணவன் மனைவி பிணக்கையே விழாவாகக் கொண்டாடும் ஊர் திருவண்ணாமலை. மாட்டுப் பொங்கல் நாளில் நடைபெறும் இவ்விழா திருவூடல் எனப்படும். இதன் பெயரால் ஒரு தெருவும் உண்டு.

பிருங்கி முனிவர் அம்மையை விடுத்து இறைவனை மட்டும் வணங்குபவர். அவருக்குக் காட்சி தர இறைவன் புறப்படுவதால் அம்மை ஊடல் கொள்கிறார் என்பது கதை. திருவூடல் தெருவில் இரு உற்சவமூர்த்திகளும் எதிரெதிரே நின்று ஊடும் நிகழ்ச்சி நடக்கும். பின்னர் உண்ணாமுலையம்மன் மட்டும் கோயிலுக்குத் திரும்பிவிடுவார். அண்ணாமலையார் அன்றிரவு குமரக் கோயிலில் தங்கி, மறுநாள் தனியே கிரிவலம் சென்று முனிவருக்குக் காட்சி தந்து திரும்பும்போது மறுவூடல் நடந்து பிணக்குத் தீரும். இதைக் கண்டால் தம்பதியரிடையே ஒற்றுமை வளரும் என்பது மக்களின் நம்பிக்கை. வணக்கத்தில் தன்னை விட்டுவிட்டதற்காக அம்மை கோபிப்பது நியாயமானது என்று ஊரே ஏற்கும் விழாவாகவும் இதைப் பார்க்கலாம்.

கருவிகளும் அரசுத் திட்டங்களும்

அம்மியும் ஆட்டுக்கல்லும் இருந்த இடத்தை மிக்ஸியும் கிரைண்டரும் பிடித்தது இல்லத்தரசியின் நாளில் நேர்ந்த பெரிய மாற்றம். தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை விலையின்றி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆட்சியில் விலையில்லா எரிவாயு இணைப்பும் அடுப்பும் வழங்கப்பட்டன. விறகுப் புகையிலிருந்தும் அரைக்கும் உடல் வலியிலிருந்தும் பல குடும்பங்களின் பெண்கள் விடுபட இவை உதவின.

1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டமும், 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய காலை உணவுத் திட்டமும் குழந்தைகளின் பசியைப் போக்கும் நோக்கம் கொண்டவை. கூடவே அவை தாயின் காலை நேர நெருக்கடியையும் குறைக்கின்றன. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கலாம். சந்தைக்கோ மருத்துவமனைக்கோ தாய் வீட்டுக்கோ செல்ல மற்றவரிடம் பணம் கேட்க வேண்டிய நிலையை இது குறைத்தது.

கணக்கெடுப்பில் வீட்டு வேலை

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டனர். ஆண்கள் செலவிட்டது 97 நிமிடங்கள். அந்நாளில் இவ்வேலையில் ஈடுபட்டோர் பெண்களில் 81.2 விழுக்காடு, ஆண்களில் 26.1 விழுக்காடு மட்டுமே. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்நேரம் பெண்களுக்கு 289 நிமிடங்களாகவும் ஆண்களுக்கு 88 நிமிடங்களாகவும் இருந்தது. குழந்தைகளையும் முதியோரையும் பராமரிக்கும் நேரம் இதில் சேராது. அது தனியே கணக்கிடப்படுகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 16 கோடிப் பெண்கள் வீட்டு வேலையையே தம் முதன்மைப் பணியாகக் குறிப்பிட்டனர். அவ்வாறு குறிப்பிட்ட ஆண்கள் சுமார் 58 லட்சம். இருப்பினும், கணக்கெடுப்பு அவர்களை 'வேலை செய்யாதோர்' பிரிவில்தான் வைக்கிறது.

நாட்டு வருமானக் கணக்கின் பன்னாட்டு வரையறையில் வியப்பூட்டும் ஒரு கோடு உள்ளது. வீட்டுத் தேவைக்காகவே என்றாலும் சொந்த மாட்டில் பால் கறப்பது உற்பத்தியாகும். அந்தப் பாலைக் காய்ச்சிக் குடும்பத்துக்குக் கொடுப்பது உற்பத்தி ஆகாது. அதே வேலையைச் சம்பளத்துக்கு வந்த சமையல்காரர் செய்தால் கணக்கில் சேரும். ஒருவர் தம் வீட்டுப் பணிப்பெண்ணை மணந்துகொண்டால் நாட்டு வருமானம் குறைந்துவிடும் என்று பொருளியலாளர் ஆர்தர் பிகூ சுட்டிக்காட்டிய முரண்பாடு இதுவே.

வேலை நின்றால் அதன் அளவு தெரியும் என்பதை ஐஸ்லாந்துப் பெண்கள் காட்டினர். 1975 அக்டோபர் 24 அன்று அந்நாட்டுப் பெண்களில் சுமார் 90 விழுக்காட்டினர் அலுவலக வேலையையும் வீட்டு வேலையையும் ஒருநாள் நிறுத்தினர். தந்தையர் பலர் குழந்தைகளைத் தம் பணியிடங்களுக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தது.

நீதிமன்றங்களும் சட்டமும்

வீட்டு வேலைக்கு விலை வைக்கும் தேவை முதலில் விபத்து இழப்பீட்டு வழக்குகளில் எழுந்தது. வருமானமில்லாத பெண் இறந்தால் குடும்பத்துக்கு என்ன இழப்பு என்பதே கேள்வி. ஜாம்ஷெட்பூர் தீ விபத்து வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம் இல்லத்தரசியின் பணியை மாதம் 3,000 ரூபாய் என மதிப்பிட்டது. 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் நீதிபதி ஏ. கே. கங்குலி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இல்லத்தரசிகளைப் பிச்சை எடுப்போர், சிறைவாசிகள் முதலியோருடன் ஒரே பிரிவில் சேர்த்ததைக் கண்டித்தார். 2021 சனவரியில் நீதிபதி என். வி. ரமணா, இல்லத்தரசிக்கு உத்தேச வருமானம் நிர்ணயிப்பது அவருடைய உழைப்பை ஏற்பதன் அடையாளம் என்று எழுதினார்.

தமிழ்நாட்டளவில் முக்கியமானது சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி 2023 சூன் 21 அன்று வழங்கிய தீர்ப்பு. கணவர் வெளிநாட்டில் சம்பாதிக்க, மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். அந்தக் காலத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்குச் சம பங்கு உண்டு என்று அத்தீர்ப்பு கூறியது. மனைவியின் வீட்டு உழைப்பு இல்லாமல் கணவரால் வெளியே பொருளீட்ட முடியாது என்பது அதன் அடிப்படை. இது ஒரு வழக்கின் தீர்ப்பு. எல்லா இல்லத்தரசிகளுக்கும் இத்தகைய பங்கை நேரடியாக உறுதிசெய்யும் தனிச்சட்டம் இன்னும் இயற்றப்படவில்லை.

வசிக்கும் உரிமை குறித்துத் தெளிவான சட்டம் உண்டு. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005இன் 17ஆம் பிரிவின்படி, வீடு தம் பெயரில் இல்லாவிட்டாலும் மனைவிக்கு அதில் வசிக்கும் உரிமை உண்டு. சட்டப்படியான நடைமுறையின்றி அவரை வெளியேற்ற முடியாது. மாமனார் மாமியாருக்குச் சொந்தமான வீடும் பகிர்ந்து வாழ்ந்த வீடாகக் கருதப்படலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் விளக்கியது. உதவி தேவைப்படும் பெண்கள் 181 என்ற எண்ணை அழைக்கலாம்.

மகளிர் உரிமைத்தொகை

கலைஞர் மகளிர் உரிமைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்டது. தகுதியுள்ள குடும்பத் தலைவியரின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் செலுத்தப்படுகிறது. 21 வயது நிறைவு, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருத்தல் ஆகியவை தொடக்க விதிகளில் அடங்கும். தொடக்கத்தில் 1 கோடியே 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இதில் சேர்க்கப்பட்டனர். 'உதவித்தொகை' என்னாமல் 'உரிமைத்தொகை' எனப் பெயரிட்டது, பெண்களின் ஊதியமில்லா உழைப்பை ஏற்கும் நோக்கில் அமைந்தது.

தொகையை உழைப்பு நேரத்தோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரியும். நாளொன்றுக்கு 289 நிமிடம் என்றால் மாதத்துக்குச் சுமார் 144 மணி நேரம். 1,000 ரூபாயை அதனால் வகுத்தால் மணிக்கு 7 ரூபாய்கூட வராது. எனவே இத்தொகையைக் கூலியாகக் கொள்ள முடியாது. ஆயினும், தன் பெயரில் வங்கிக் கணக்கும், யாரிடமும் கேட்காமல் செலவிடக்கூடிய பணமும் கையில் இருப்பது இளம் மணப்பெண்ணின் வீட்டு நிலையில் குறிப்பிடத்தக்க மாற்றம். வீட்டு வேலையைக் குடும்பத்தினர் பகிர்ந்துகொள்வதில் இத்தகைய வேகமான மாற்றம் இல்லை. 2019க்கும் 2024க்கும் இடையே பெண்களின் நேரம் 10 நிமிடம் குறைந்தது. ஆண்களின் நேரமும் கூடவில்லை, 9 நிமிடம் குறைந்தே இருக்கிறது.