இதயத்தின் மூன்றாவது இழை

எக்கோ ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோர் கண்ணும் முதலில் தேடுவது இஎஃப் என்ற எண்ணைத்தான். ஒவ்வொரு துடிப்பிலும் இதய அறையில் உள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதம் வெளியே தள்ளப்படுகிறது என்பதே அது. 60 சதவீதம் என்றிருந்தால் வீடே நிம்மதியாகிவிடும். ஒரு காலத்தில் மருத்துவமும் ஏறக்குறைய அங்கேயே நின்றுவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வந்த அம்மாவிடம், "ஹார்ட் நல்லா பம்ப் பண்ணுதும்மா, வயசாகுதில்ல" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். இதயம் எவ்வளவு வலுவாகச் சுருங்குகிறது என்பதுதான் அன்றைய கேள்வி. எவ்வளவு இலகுவாக விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்கிறது என்று கேட்டவர்கள் குறைவு.

ஆய்வுக்கூடத்திலும் இதே கதைதான். தசை சுருங்கும் விதத்தை 1954-இல் ஹக்ஸ்லி என்ற ஒரே பெயர் கொண்ட இரு விஞ்ஞானிகளின் குழுக்கள் தனித்தனியே விளக்கின. ஆக்டின், மயோசின் என்று இரண்டு இழைகள். ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன. அழகான விளக்கம், இன்றும் செல்லுபடியாகிறது. ஆனால், இழுத்துவிட்ட தசை பழைய நீளத்துக்குத் திரும்புகிறதே, திருப்புவது எது? வெளியே இருக்கும் உறையும் கொலாஜன் நார்களும்தான் என்று பலர் நினைத்தார்கள். அதே 1954-இல் ஜப்பானின் ரெய்ஜி நடோரி, தசை நாரின் மேலுறையை உரித்தெடுத்துவிட்டு இழுத்துப் பார்த்தார். அப்போதும் அது ரப்பர் போல மீண்டது. வில் உள்ளேதான் இருந்தது.

அந்த வில் ஒரு புரதம். அது கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் அதன் பேருருவம். புரதங்களைப் பிரிக்க ஜெல்லில் ஓடவிடுவார்கள். சிறியவை விறுவிறுவென இறங்கும், பெரியவை தயங்கித் தயங்கி வரும். இதுவோ சாதாரண ஜெல்லுக்குள் நுழையவே முடியாமல் வாசலிலேயே நின்றுவிடும். 1970-களில் ஜப்பானில் கோஸ்காக் மருயாமா இதைக் கண்டு கனெக்டின் என்றார். 1979-இல் அமெரிக்காவில் குவான் வாங் டைட்டின் என்றார். இரண்டாவது பெயரே நிலைத்தது.

இன்று இதன் அமினோ அமில வரிசை முழுவதும் தெரியும். ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலியில் 150-க்கும் குறைவான அமினோ அமிலங்கள். டைட்டினில் ஏறக்குறைய 35,000 வரை. மனித உடலின் மிகப்பெரிய புரதம் இதுதான். இதயம் நிறையும்போது இந்த மூன்றாவது இழை நீண்டு, அளவுக்கு மீறி விரியாமல் பிடித்து நிறுத்துகிறது. இதயம் இறுகச் சுருங்கும்போது, இதுவும் அமுக்கப்பட்ட ஸ்பிரிங்காகி, அடுத்த கணம் உதறி விரிகிறது. அந்த உதறலில் ரத்தம் உள்ளே உறிஞ்சப்படுகிறது. இதயம் பிழிந்து தள்ளுவது மட்டுமல்ல, உறிஞ்சவும் செய்கிறது. என்னைப் பொறுத்தவரை, இந்தக் கதையில் மிகப் பெரிய திருப்பம் இதுதான்.

நம் ஒவ்வொருவர் நெஞ்சுக்குள்ளும்கூட ஓர் அன்றும் இன்றும் உண்டு. கருவில் இருந்தபோது நம் இதயத்தில் இருந்தது நீளமான, தளர்ந்த டைட்டின். பிறந்த பிறகு, குட்டையான, விறைப்பான வகை மேலோங்குகிறது. ஒரே மரபணுவை உடல் வேறு வேறு விதமாக வெட்டி ஒட்டிக்கொள்வதால் வரும் மாற்றம் இது. அந்த மரபணுவில் பிழை நேர்ந்து புரதம் பாதியில் அறுந்துபோனால் இதயம் பலூன் போல வீங்கித் தளரக்கூடும். குடும்பவழி வரும் இதய வீக்க நோயில் சுமார் நான்கில் ஒன்றுக்கு இத்தகைய பிழை காரணம் என்று 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது.

மூச்சு வாங்கிய அந்த அம்மாவின் கோளாறு இதற்கு நேர்மாறானது. நெடுநாள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சேர்ந்தால் கொலாஜன் தடிக்கிறது, டைட்டினும் விறைக்கிறது. சுருங்கும் வலு குறையாமலே இதயம் நிறையத் திணறுகிறது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த வகைதான். இதற்குப் பலன் தரும் மருந்துகளும் இப்போது வரத் தொடங்கிவிட்டன.

அடுத்த முறை எக்கோ ரிப்போர்ட்டை வாங்கும்போது இஎஃப் எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். இதயம் விரிந்து நிறைவதைப் பற்றி 'டயஸ்டாலிக்' என்று தொடங்கும் வரி ஒன்று பெரும்பாலும் இருக்கும். அதற்கு என்ன பொருள் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.