கடை வாசலில் கேள்வி கேட்ட கணிப்பொறி

திண்டுக்கல்லில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நமது உறுப்பினர் ஒருவரின் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அவள் பாடத்தில் பைத்தான் என்னும் கணிப்பொறி மொழி இருக்கிறது. நெதர்லாந்து நாட்டுக்காரர் கைடோ வான் ரோசம் 1991-ல் வெளியிட்ட மொழி இது. பெயர் மலைப்பாம்பைக் குறித்ததன்று. ஒரு பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரிலிருந்து எடுத்தது.

"அப்பா, படித்ததைக் கடையிலேயே செய்து பார்க்கட்டுமா?" என்று கேட்டாள். "கல்லாப் பக்கத்தில் விளையாட்டா?" என்று முதலில் முணுமுணுத்தவர், தீபாவளி நேரம் என்பதால் சம்மதித்தார். ஐந்து கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னால் அரைக் கிலோ வெல்லம் பரிசு.

விளையாட்டின் உள்வேலை நமக்குப் புதியதல்ல. பேரேட்டில் ஒரு பக்கம் கேள்வி, எதிர்ப்பக்கம் விடை. கணிப்பொறி கேள்வியைக் காட்டும், வாடிக்கையாளர் தட்டியதை வாங்கும், பேரேட்டு விடையோடு ஒத்துப் பார்க்கும். ஒத்தால் மதிப்பெண்ணில் ஒன்றைக் கூட்டும். சரக்கையும் பில்லையும் ஒத்துப் பார்ப்பது போலத்தான். முப்பது வரிக்குள் முடிந்துவிட்டது. நமது மாவட்டம் உருவான ஆண்டு எது (1985), திண்டுக்கல்லின் எந்தப் பொருளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது (பூட்டு) என்பன போன்ற கேள்விகள்.

வினை நான்காவது கேள்வியில் வந்தது. மாவட்டத்தின் புகழ்பெற்ற மலை நகரம் எது? இருபது வருடமாக அந்தக் கடையில் மளிகை வாங்கும் பெரியவர் 'கொடைக்கானல்' என்று தட்டினார். 'தவறு' என்றது கணிப்பொறி. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கடைக்காரர் வெல்லத்தை எடுத்து நீட்டினார்.

"பரிசு உங்களிடமே இருக்கட்டும் அண்ணாச்சி. நான் பிறந்த ஊரே அது. என்னைத் தப்பு என்றதே, அதை முதலில் எடுங்கள்" என்று சொல்லிப் பையோடு இறங்கிப் போனார். நாமும் அப்போது அங்கேதான் இருந்தோம். கடைக்காரர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்றிரவு அந்தப் பெண் தூங்கவில்லை. இரண்டு சொல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே தெரிந்தன. ஒவ்வொரு குறியின் எண்ணையும் அச்சிட்டுப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. யூனிகோடில் 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். விடைப் பட்டியலைத் தட்டிய விசைப்பலகை ஒரு விதம், கடையில் இருந்தது வேறு விதம். கண்ணுக்கு ஒரே சொல்; கணிப்பொறிக்கு இரண்டு. ஒரே சரக்குக்கு இரண்டு பெயரில் கணக்கு எழுதினால் இருப்பு ஒத்துவருமா?

இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர பைத்தானிலேயே கட்டளை இருக்கிறது. ஒப்பிடும் முன் அந்த ஒரு வரியைச் சேர்த்தாள். பதிலின் முன்னும் பின்னும் விழும் வெற்றிடத்தை நீக்க இன்னொரு வரி. நான்கு விடைகளைக் காட்டி எண்ணை மட்டும் தட்டச் சொல்லியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. கூட்டமுள்ள கடைக்கு அதுவே நல்லது என்பது நமது எண்ணம்.

அடுத்த மாதச் சாமானுக்குப் பெரியவர் வந்தார். "ஐயா, இன்னொரு தடவை தட்டுங்கள்" என்றாள். ஒற்றை விரலால் நிதானமாகத் தட்டினார். 'சரி' என்று வந்தது. வெல்லத்தை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஐந்தாவது கேள்வி எங்கே என்று கேட்டார்.