டெம்ப்ளேட்டில் ஒற்றை வரி நிபந்தனை: பூஜ்யம் வேறு, வெற்று வேறு

ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதி நிறுவனத்துக்குப் பொருள் பட்டியல் தளம் செய்து தரும் வேலை உங்களுக்கு வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். டெம்ப்ளேட் ஒன்றுதான், மாடல்களோ ஏராளம். ஒவ்வொரு பக்கத்திலும் சின்னச் சின்ன முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கும். இருப்பு இருந்தால் 'கிடைக்கும்', இல்லாவிட்டால் 'தீர்ந்தது' என்று காட்ட வேண்டும். இதற்கெல்லாம் ஐந்து வரி 'இஃப்–எல்ஸ்' எழுதிக்கொண்டே போனால் பக்கத்தின் அமைப்பே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஒரே வரி போதும்:

இருப்பு > 0 ? "கிடைக்கும்" : "தீர்ந்தது"

கேள்விக்குறிக்கு முன்னால் இருப்பது கேள்வி. அதை அடுத்து வருவது 'ஆம்' என்றால் காட்ட வேண்டியது. முக்காற்புள்ளிக்குப் பின்னால் வருவது 'இல்லை' என்றால் காட்ட வேண்டியது. (மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைத்தாலும் ஜாவாஸ்கிரிப்ட் ஏற்றுக்கொள்ளும்.) பிஎச்பி, ட்விக் ஆகியவற்றிலும் இதே வடிவம்தான். ஜின்ஜாவில் மட்டும் பைத்தானைப் போல 'ஆம்' விடை முதலில் வரும், கேள்வி நடுவில் நிற்கும்.

இந்த வடிவம் பொருந்துவது விடை இரண்டே இரண்டாக இருக்கும் இடத்தில்தான். தோல் பதனிடும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். 'குரோம் என்றால் குரோம், இல்லையென்றால் ஆவாரம்பட்டை' என்று எழுதிவிட்டால், செமி-குரோம் தோல் வரும் நாளில் பக்கம் பொய் சொல்லும். இத்தகைய இடத்தில் ஒவ்வொரு முறைக்கும் உரிய சொல்லை ஒரு சிறு அட்டவணையில் வைத்து எடுத்துக்கொள்வதே நல்லது.

எனக்கு உண்மையில் கவலை தருவது குரோமியம் சோதனை முடிவு. குரோம் பதனிடுதலில் பயன்படுவது மூவிணைதிறன் குரோமியம். சில சூழல்களில் அது ஆக்சிஜனேற்றம் அடைந்து, ஒவ்வாமை தரும் அறுவிணைதிறன் குரோமியமாக மாறக்கூடும். உடலில் படும் தோல் பொருளில் இது கிலோவுக்கு 3 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால், 2015 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அதை விற்பனைக்கு விட முடியாது. ஆகவே பொருள் பக்கத்தில் இந்த முடிவைக் காட்டுவது அலங்கார வேலை இல்லை. இப்போது இதைப் பாருங்கள்:

குரோமியம் < 3 ? "தேறியது" : "தேறவில்லை"

பார்க்கக் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் சோதனையே செய்யாத தோலுக்குத் தரவுத்தளத்தில் வெற்று மதிப்பு, அதாவது 'நல்', இருக்கும். ஒப்பிடும்போது ஜாவாஸ்கிரிப்ட் அதைப் பூஜ்யமாக எண்ணிக்கொள்கிறது. பூஜ்யம் 3-ஐ விடக் குறைவு. சோதிக்காத தோல் 'தேறியது' என்று பக்கத்தில் ஏறிவிடும். பிஎச்பியிலும் இதே கதிதான். பைத்தான் 3 மட்டும் இந்த ஒப்பீட்டை மறுத்துப் பிழை காட்டுகிறது. அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு:

குரோமியம் || "சோதிக்கவில்லை"

சோதனையில் எதுவும் தென்படாததை 0 என்று பதிந்திருந்தால், இந்த வரி அதை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு, சோதித்த தோலைச் சோதிக்காததாகக் காட்டும். இங்கே வேண்டியது ?? குறி. அது வெற்று மதிப்பை மட்டுமே பிடிக்கும், பூஜ்யத்தைத் தொடாது. பிஎச்பியில் 2015-இல் 7-ஆம் பதிப்போடும், ஜாவாஸ்கிரிப்டில் 2020-ஆம் ஆண்டுத் தரத்தோடும் வந்தது. ஆனால் படிவத்தில் நிரப்பாமல் விட்ட கட்டம் வெறும் எழுத்துச்சரமாகச் சேமிக்கப்பட்டால் ?? அதைப் பிடிக்காது. அதைச் சேமிக்கும்போதே வெற்று மதிப்பாக மாற்றிவிட வேண்டும்.

ரியாக்டில் இதே குழப்பம் கண்ணெதிரே வந்து நிற்கும். 'இருப்பு &&' என்று தொடங்கி எழுதினால், இருப்பு பூஜ்யமான பக்கத்தில் தனியாக ஒரு 0 அச்சாகும். 'இருப்பு > 0 &&' என்று எழுதினால் வராது.

மூன்று நிலைகளையும் ஒரே வரியில் அடக்க, ஒரு நிபந்தனைக்குள் இன்னொன்றைச் செருகும் ஆசை வரும். வேண்டாம். படிப்பவர் தடுமாறுவார். பிஎச்பி அடைப்புக்குறி இல்லாத இத்தகைய அடுக்கை 7.4-இல் எச்சரித்தது, 8.0-இல் பிழையாகவே ஆக்கிவிட்டது. தேறியதா, தேறவில்லையா, சோதிக்கவில்லையா என்பதை டெம்ப்ளேட்டுக்கு வெளியே முடிவு செய்து, அந்த நிலையை மட்டும் உள்ளே அனுப்புங்கள். ஜாங்கோவின் 'யெஸ்நோ' வடிகட்டி இதற்கென்றே செய்தது போல இருக்கிறது: ஆம், இல்லை, வெற்று மூன்றுக்கும் மூன்று சொற்களை அதனிடம் தரலாம்.

எழுதி முடித்ததும் ஐந்து மதிப்புகளை இட்டுப் பாருங்கள்: வெற்று, வெறும் எழுத்துச்சரம், 0, 2.9, 3. கடைசி மதிப்பு முக்கியம். சரியாக 3 இருந்தாலே விற்கக்கூடாது என்பது விதி. < இருக்க வேண்டிய இடத்தில் கை தவறி <= விழுந்திருந்தால், அது இந்த இடத்தில்தான் பிடிபடும்.