கல்லும் கொடியும்

சென்னைக்குப் போய் வந்தவன் ஏதேனும் கொண்டு வந்திருப்பான் என்று எங்கள் கல்முனையில் எதிர்பார்ப்பார்கள். நான் கொண்டு வந்ததோ ஒரு கேள்வி மட்டுமே.

புனித ஜார்ஜ் கோட்டைக்குள் 1680-இல் எழுந்த புனித மேரி தேவாலயத்தைக் கண்டேன். மயிலைக் கபாலீசுவரர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து நின்றேன். ஆயினும் என் உள்ளத்தைப் பிணித்தது திருவல்லிக்கேணியே. பல்லவன் தந்திவர்மனின் கல்வெட்டைத் தாங்கிய பார்த்தசாரதி கோயிலிலிருந்து சிறிது தூரம் நடந்தால், ஆற்காட்டு நவாபின் குடும்பத்தார் 1795-இல் கட்டிய வாலாஜா பள்ளிவாசல். அங்கே அஸர் தொழுதுவிட்டு எழுந்தபோது, முதியவர் ஒருவர் கல்லிற் பொறித்த பாரசீக எழுத்துகளைச் சுட்டினார்.

"இதன் எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டினால் பள்ளி எழுந்த ஆண்டு வரும், தம்பி. இயற்றியவர் மக்கன்லால் என்ற இந்துப் புலவர்."

திரும்பும் வழியில் நாகூருக்கும் சென்றேன். அங்குள்ள 131 அடிப் பெரிய மினாராவை எழுப்பியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங். இத்தகைய கல் ஒன்று எங்கள் ஊரில் உண்டா? இதுவே நான் கொண்டு வந்த கேள்வி.

வகுப்பில் இவற்றைச் சொன்னபோது மாணவன் ஒருவனும் அதையே கேட்டான்: "நம்மூரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, சேர்?"

மாலையில் மாணவரைக் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றேன். நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவில் எழுந்த தலம் அது. அவருடைய அடக்கம் நாகூரிலேயே உள்ளது. 2004 டிசம்பர் 26-இல் பொங்கிய ஆழிப்பேரலை இக்கரையைச் சூறையாடியது. எனினும் ஜமாதுல் ஆகிர் மாதத்துக் கொடி மீண்டும் ஏறிற்று.

கொடிமரத்தின் அடியில் நின்றபோது என் தந்தையாரின் நண்பர் நினைவுக்கு வந்தார். திரௌபதை அம்மன் கோயிலுக்குப் பேர்போன பாண்டிருப்பு அவர் ஊர். ஆண்டுதோறும் கொடியேற்றத்துக்கு வருவார். அங்கே தீமிதிப்பு நாளில் தந்தையார் போவார். 1990-இல் இரு சமூகத்தாரிடையே குருதி சிந்தியபின் அவரும் வரவில்லை, எங்கள் வீட்டாரும் போகவில்லை. இன்று இருவருமே இல்லை. நடந்து போகக்கூடிய தொலைவிலிருந்த அவ்வீட்டு வாசலை நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மிதிக்கவில்லை. கடல் கடந்து மக்கன்லாலின் பெயரை வியந்தவனுக்கு இது நாணமாயிருந்தது.

மறுநாள் பாண்டிருப்புக்குப் போனேன். அவர் மகன் என்னை அடையாளங் கண்டுகொள்ளச் சிறிது நேரம் பிடித்தது. பிறகு, "உள்ளுக்கு வாங்க, சேர்" என்றார். இவ்வாண்டுக் கொடியேற்றத்துக்கு அழைத்தேன். "வாறேன்" என்றார்.

கல்லிற் பொறித்தது தானே நிற்கும். கொடியையோ ஆண்டுதோறும் நாம்தாம் ஏற்றவேண்டும். மாணவனுக்கு நான் சொல்லக்கூடிய விடை இதுவே.